பதினெட்டாங்கட்டை வரைபடம்

சிறைக் காவல் சார்ஜன் மூன்றாவது முறையாக எண்ணத் தொடங்கியபோது நானும் அவரோடு சேர்ந்து மனத்துக்குள் எண்ணினேன்.

பென்சில்கள் சரியாக இருந்தன. வகுப்பு நடத்த நாங்கள் பத்தொன்பது கொண்டுபோனோம், பத்தொன்பதும் மேசைமேல் கிடந்தன. தாள்தான் உதைத்தது. பத்தொன்பது கொடுத்து, பதினெட்டு திரும்பி வந்திருந்தது. சனிக்கிழமை காலை, பதினொன்று, பதினொன்றரை இருக்கும். கைதிகள் எல்லாரும் சிமென்ட் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்தச் சிறையில் தாளுக்குத் தனி மரியாதை. நாங்கள் உள்ளே கொண்டுபோகும் ஒவ்வொரு தாளும் எங்களோடு வெளியே வந்துவிட வேண்டும். முத்திரை இல்லாத தாளை யாராவது அறைக்குக் கொண்டுபோனால் அது குற்றம். அவர் கோப்பில் ஏறிவிடும்.

சார்ஜன் தாள்களைப் பரப்பி, ஓரத்தில் எழுதியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினான்கு இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பதினான்காம் எண் யாருடையது என்று மலாயில் கேட்டார்.

என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"கதிரேசன்," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வருகிற வியாழக்கிழமை பரோல் நேர்காணலுக்குப் போக வேண்டியவர் அந்தக் கதிரேசன். கோப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அவருடைய பரோல் அதோடு சரி.

(கதிரேசன் என்பது நான் இங்கே வைத்த பெயர். உண்மைப் பெயர் வேறு.)

எண் போட்ட புத்திசாலி

தாளின் ஓரத்தில் எண் போடும் யோசனையைச் சொன்ன புத்திசாலி வேறு யாருமில்லை, நான்தான்.

செனாயில் ஒரு மின்னணுச் சாமான் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள் நான். என் முன்னால் வரும் ஒவ்வொரு சர்க்கியூட் தட்டுக்கும் ஓர் எண் உண்டு. சூப்பர்வைசர் எண்ணைச் சொன்னால், அதைச் செய்த பெண்ணின் பெயரை நான் உடனே சொல்ல வேண்டும். யோசித்தால் திட்டு விழும். வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் நம்பர் ஒட்டுகிற பெண்பிள்ளை என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

வகுப்பு தொடங்கிய புதிதில் தாள்களை எண்ணுவதிலேயே அரைமணி நேரம் போய்விடும். நான்தான் முன்வந்து, ஒவ்வொரு தாளுக்கும் எண் போடலாம், எண்ணுக்கு நேரே பெயரை என் பட்டியலில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அதிகாரிகள் மெச்சினார்கள். மற்ற வகுப்புக்காரர்களும் இப்படிச் செய்யலாமே என்று ஒருவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பட்டியல் ஒரு மனிதரைக் காட்டிக்கொடுக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

நடுவில் எதை வைப்பது

இந்த வகுப்பு எப்படி வந்தது என்று சொல்லாமல் போனால் ஞாயிறு இதழில் என் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்குப் புரியாது.

மாசாயில் உணவகம் நடத்தும் ஒரு பெரியவர் இருக்கிறார். நாங்கள் நானா என்போம், அவர்கள் பேச்சில் அண்ணன். அவருடைய பாட்டனார் நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நானாவின் மகள் அமெரிக்காவில் படித்தாள். அங்கே கறுப்பின மக்கள் சிலர் கூடிச் சிறைகளுக்குப் போய், உள்ளே இருக்கும் தங்கள் ஆட்களுக்கு ஆப்பிரிக்காவை நடுவில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவள்தான் தொலைபேசியில் சொன்னாள். கதையை அடிமைக் கப்பலில் தொடங்க மாட்டார்களாம். அதற்கு முன்னால் இருந்த ஊர்கள், அரசுகள், வைத்தியம், கணக்கு என்று அங்கிருந்து வருவார்களாம். அதைக் கேட்டுச் சில கைதிகள் முதுகை நிமிர்த்தி உட்காருவதைத் தானே பார்த்ததாகச் சொன்னாள்.

எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும்தான் இங்கே சிறைகளில் நிறைந்து கிடக்கிறார்கள். நாமும் செய்யலாம் என்று ஐந்தாறு பேர் நானாவின் கடையில் தேநீரும் கையுமாக உட்கார்ந்தோம். நானா முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்களுக்கு நடுவுல வைக்க ஒரு கண்டமே இருக்குலா. நம்ம என்னத்த வைக்கிறது?"

ஒருவர் சோழர் கடற்படை என்றார். ராஜா கதையெல்லாம் அவர்கள் சினிமாவில் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறார்கள் என்று நான் எரிந்து விழுந்தேன். மூன்று மாலைகள் சண்டை போட்டோம். கடைசியில், அவரவர் வந்த இடத்தை நடுவில் வைப்போம் என்று முடிவானது. தோட்டம், கம்பம் எனப்படும் கிராமம், தொழிற்சாலைக் குடியிருப்பு, எதுவாக இருந்தாலும் சரி. காட்டை வெட்டியது யார், ரப்பர்ப் பால் மரம் நட்டது யார், ரோடு போட்டது யார் என்று அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம் என்றோம்.

அனுமதி வாங்க ஒரு வருடத்துக்கு மேல் நடந்தோம். இது மதமா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். அரசியலா என்று கேட்டார்கள். "பூகோளம், துவான்," என்று மலாயில் ஐயா போட்டுச் சொன்னார் நானா.

முதல் வகுப்பில் நான் பெரட்டைப் பற்றிப் பேசினேன். விடியுமுன்னே தோட்டத்தில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அது. எங்கள் அப்பா கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் அப்படி நின்றவர்தான். பின்வரிசையில் ஒருவர், தாத்தா காலத்திலிருந்தே நம்மை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்படிச் சொன்னவர் கதிரேசன்.

இன்னும் முடிக்கவில்லை

அவருக்கு முப்பத்து நான்கு வயது. லாரியில் உதவியாளாக ஓடியவர். என்ன வழக்கு என்று நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை, அது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. மலாய்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத்து தெரியாமல் வகுப்புக்கு வந்தார். எட்டு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிவிட்டார். ளகரமும் ழகரமும் மட்டும் அவரோடு கடைசிவரை சமாதானம் ஆகவில்லை.

வளர்ந்த இடத்தை வரையுங்கள் என்று நான் சொன்ன பாடத்துக்கு அவர் பதினெட்டாங்கட்டைத் தோட்டத்தை வரைந்தார். பண்டார் தெங்காரா போகும் வழியில், பதினெட்டாம் மைல்கல்லில் முன்பு இருந்த தோட்டம் அது. இரண்டு நீளமான லயங்கள், லயத்துக்குப் பத்து வீடு, தண்ணீர்க் குழாய், மாரியம்மன் கோயில், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை விடும் ஆயாக் கொட்டகை. எல்லாவற்றையும் சுற்றி வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் காவல் கொட்டகை. மூன்று சனிக்கிழமைகளாக அதே தாளில் வேலை செய்தார். நான் ஒவ்வொரு முறையும் தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, நல்லா வருது கதிர் என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனேன். இருபத்து மூன்று வருடம் தரம் பார்த்த கண் பார்த்த லட்சணம் அவ்வளவுதான். தாள் குறைந்த அந்தச் சனிக்கிழமை அவர் பென்சிலைத் தொடவே இல்லை, ரப்பரால் தேய்த்துக்கொண்டே இருந்தார் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பெயரை நான் சொன்னதும் அவரை எழுப்பிச் சோதித்தார்கள். தாளை எட்டாக மடித்து இடுப்பில் வைத்திருந்தார்.

சார்ஜன் அதைப் பிரித்தார். அவர் பக்கத்தில் நின்றதால் அவர் பார்த்ததை நானும் அவர் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டு வரிசை அறைகள். சுற்றிலும் வேலி. ஒரே வாசல். வாசலில் காவல். ஒரு வரிசையின் ஓர் அறையை மட்டும் தாள் கிழிகிற அளவுக்கு அழித்திருந்தது. தமிழ் தெரியாத ஒருவருக்கு, அதுவும் இருபது வருடம் சிறையிலேயே வேலை பார்த்தவருக்கு, அது வேறு என்னவாகத் தெரியும்?

இது சிறையின் எந்த பிளாக் என்று சார்ஜன் கேட்டார். கதிரேசன் மெதுவாக ஒரே பதில் சொன்னார்.

"இன்னும் முடிக்கல, துவான்."

அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

நானாவின் வேனில் திரும்பினோம். கூலாய் தாண்டியதும் நானா வாயைத் திறந்தார். "நம்பர் கேட்டா பேரச் சொல்லிடுறதா, மல்லிகா?" என்றார். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று அவர்மேல் பாய்ந்தேன். அழுகையை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மாசாய், மூன்றாவது மாடி

அன்று மாலையே சிறை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். அறிக்கையில் சிறையின் வரைபடம் என்று எழுதியாகிவிட்டது. அது வெளியில் உள்ள இடம்தான் என்று நிரூபிக்க ஆள் இருந்தால் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு வரலாம். இல்லாவிட்டால் அறிக்கை அப்படியே பரோல் குழுவுக்குப் போகும்.

கைப்பேசியில் அந்த இடத்தைத் தேடினேன். மேலிருந்து எடுத்த படத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் தவிர ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நானாவை இழுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். லயம், கோயில், குழாய், எதுவும் மிஞ்சவில்லை. குலை வெட்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு அந்த இடத்தின் பிளாக் எண் மட்டும்தான் தெரிந்திருந்தது. இல்லாமல் போன ஊரை எதை வைத்து நிரூபிப்பது? அங்கே வாழ்ந்த ஒருவர் வந்து சொன்னால்தான் உண்டு.

மத்தியானம் மாசாயில் கதிரேசனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். அஞ்சலை அம்மா என்று எழுதுகிறேன். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறார். மூன்றாவது மாடி. படியேறிக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். உங்கள் மகன் பெயரைச் சொன்னதே நான்தான் என்று எப்படிச் சொல்வது?

சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார். மகன் என்ன வரைந்தான் என்று மட்டும் விசாரித்தார். லயம், கோயில், ஆயாக் கொட்டகை, கேட் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"எங்க வீடு?"

"அதுவும் இருக்கும்மா. எல்லா வீட்டுக்கும் பேர் எழுதியிருக்கார்."

அவர் கை நின்றுவிட்டது. மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார். வருவீர்களா என்று இரண்டு முறை கேட்டேன். செவ்வாய்க்கிழமை வேலை நாள், லீவு சொல்லிப் பார்க்கிறேன் என்றார். முகத்தைப் பார்த்தால் வருகிறவர் போலத் தெரியவில்லை. மகன் சிறையில் இருப்பது கேண்டீனில் யாருக்கும் தெரியாதோ என்னவோ, அந்த வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை முழுக்க எனக்குப் புத்தி ஓரிடத்தில் நிற்கவில்லை. அரிசியை இரண்டு முறை அளந்தேன், குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். வீட்டில் எல்லாரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள்.

அழித்த அறை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அஞ்சலை அம்மா ஃபிளாட் வாசலில் சேலை கட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. வேனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே வந்தார்.

சிறையின் பெரிய அதிகாரி மரியாதையானவர். எழுந்து நாற்காலி காட்டினார். படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். அஞ்சலை அம்மா குனிந்து, மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு விரலை வைத்துத் தோட்டத்து மலாயில் சொல்ல ஆரம்பித்தார். இது குழாயடி. இது டிரைவர் வீடு. இது முனியம்மா வீடு. கோயிலைத் தப்பான பக்கம் போட்டிருக்கிறான், அது குழாய்க்கு அந்தப் பக்கம். கேட்டும் இவ்வளவு பெரிசு கிடையாது.

அம்மா மகனைத் திட்டுகிற தோரணையில் சொல்லச் சொல்ல, அதிகாரியின் முகம் இளகியது. இல்லாத ஊரில் கோயில் எந்தப் பக்கம் என்று யாரும் சண்டை போட மாட்டார்கள் அல்லவா? நான் மூச்சை விட்டேன்.

அதிகாரி பேனாவை எடுத்து அந்த அழித்த அறைமேல் வைத்தார். மற்ற எல்லா அறையிலும் பெயர் இருக்கிறது. இதில் மட்டும் ஏன் இல்லை? உங்கள் வீடு எது?

அஞ்சலை அம்மா என்னைப் பார்த்தார். எதையாவது சொல்லுங்களேன் என்று எனக்குள்ளே கத்தினேன். கை தவறி அழிந்திருக்கும், மறந்திருப்பான், எதுவாக இருந்தாலும் போதும். அவர் தமிழில் என்னிடம், இதை மலாயில் சொல்ல எனக்கு வராது, நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

"அதுதாங்க எங்க வீடு. நான் காலையில அஞ்சு மணிக்குப் பெரட்டுக்குப் போவணும். இவங்கப்பா இருந்தும் இல்லாத ஆளு. இவனுக்கு மத்தியானந்தான் ஸ்கூலு. தனியா விட்டா ஆத்துக்குப் போயிருவான், போன வருஷம் ஒரு புள்ள செத்துருச்சு அங்க. அதனால உள்ள வச்சு வெளியில பூட்டிட்டுப் போவேன். ரெண்டு வருஷம் அப்படித்தான். ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு அம்மா அம்மான்னுவான். நான் திரும்பிப் பாக்க மாட்டேன். பாத்தா வேலைக்குப் போவ முடியாது."

கொஞ்சம் நிறுத்தினார்.

"அவன மொதல்ல பூட்டுனது நான்தான். துவான்கிட்டச் சொல்லுங்க."

நான் சொன்னேன். ஒரு வார்த்தையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அதிகாரி படத்தை உறையோடு தன் பக்கம் திருப்பி வைத்தார். கதவுக்கு வெளியே யாரோ சாவிக் கொத்தை வைத்துக்கொண்டு நடந்து போனார்கள்.

பிறகு அறிக்கையின் கீழே எழுதி எங்களுக்குப் படித்துக் காட்டினார். படத்தில் உள்ளது வெளியில் இருந்த ஒரு தோட்டம். தாளை வைத்திருந்ததற்கு எச்சரிக்கை மட்டும், குற்றமாகக் கோப்பில் ஏறாது; ஒரு மாதம் வகுப்பு கிடையாது. வியாழக்கிழமை நேர்காணல் நடக்கும். அஞ்சலை அம்மா கும்பிட்டார். எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"நான் இதச் சொன்னேன்னு அவனுக்குத் தெரிய வேணாம்."

அதிகாரி தலையசைத்தார். நானும் தலையசைத்தேன்.

எனக்குச் சேராத நன்றி

கதிரேசன் அடுத்த தீபாவளிக்கு முன்பே பரோலில் வெளியே வந்தார். இப்போது கூலாயில் ஒரு டயர்க் கடையில் வேலை. அம்மாவோடு அதே மூன்றாவது மாடியில் இருக்கிறார். வகுப்பில் நான் இப்போது தாளுக்கு எண் போடுவதில்லை. எண்ணுவதற்கு அரைமணி நேரம் ஆகட்டும், உட்கார்ந்து எண்ணுகிறேன்.

என்னை எங்கே பார்த்தாலும் கதிரேசன் நன்றி சொல்கிறார். அன்றைக்கு நான் அதிகாரியிடம் வாதாடி ஜெயித்தேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். பெயரைக் காட்டிக்கொடுத்ததை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. எனக்குச் சேராத நன்றியை இத்தனை நாளாக வாங்கி வைத்துக்கொண்டு, அவரைக் கண்டாலே வேறு தெருவில் திரும்பிவிடும் நிலைக்கு வந்துவிட்டேன். தலையசைத்துவிட்டேனே, எப்படிச் சொல்வது?

அதனால் இதை எழுதும் முன் மாசாய்க்குப் போய் அஞ்சலை அம்மாவிடமே கேட்டேன். வேண்டாம் என்றால் இந்த வாரம் வேறு ஏதாவது எழுதுகிறேன் என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தத் தோட்டத்து வீட்டைப் பற்றித் தானும் மகனும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்றார். பேச உட்கார்ந்தால் எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன் என்றார்.

"நீங்க எழுதுங்க. என் வாயால வராது. ஞாயித்துக்கெழம புத்தகம் வந்தா மொதல்ல உங்க பக்கத்தத்தான் எடுக்கிறான். அவனே படிச்சுக்கட்டும்."

பெயரை மாற்றினாலும் தோட்டத்தை மாற்றவில்லை, கதிர். இது நீங்கள்தான் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். அம்மா அடுப்படியில்தான் இருப்பார். நீங்கள் எந்த வரிக்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியாமல், திரும்பிப் பார்க்கவும் முடியாமல் நின்றுகொண்டிருப்பார். புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து அவரிடம் போங்கள்.